பணியாளர் எண் ஒன்று

அரூர்,
18.08.2025.

அன்புள்ள எழிலரசிக்கு,

நிர்மலா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க வேண்டும் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். இங்கே எங்களுக்கு உடம்புக்கு ஒரு குறையுமில்லை. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் உண்டு, வாயை அடக்காததால் அது கொஞ்சம் ஏறுகிறது, அவ்வளவுதான்.

பதினாறு வருஷம் கழித்து என்ன கடிதம், போன் இல்லையா என்று நினைப்பாய். போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. போனில் பேசினால் நான் சிரித்து, உன்னையும் சிரிக்க வைத்து, சொல்ல வந்ததை விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். விலாசத்தைப் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போய் உன் அம்மாவிடம் வாங்கி வந்தேன். ராமக்காள் அம்மா நன்றாக இருக்கிறார்கள். முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, எனக்கு மூன்று தோசை வைத்தார்கள். எழிலுக்கு என்மேல் கோபமா அம்மா என்று கேட்டேன். "அவளுக்குக் கோவமெல்லாம் இல்ல கண்ணு, மனசுக்குள்ள வச்சிக்குவா, வெளிய சொல்லமாட்டா" என்றார்கள். நான்காவது தோசையை வைக்க வந்தபோது வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். நம் கம்பெனியை, நம் ஆஜரை, ஒரு பெங்களூர் கம்பெனி வாங்கிக்கொண்டது. அறுபத்து நாலு பேரும் அக்டோபர் முதல் அவர்கள் ஆட்கள். பெயரும் மாறிவிடும். பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும் உனக்குச் சேர வேண்டிய பங்கைப் பற்றி வக்கீல் தனியாக உனக்கு எழுதுவார், இந்தக் கடிதம் அதற்காக இல்லை. அவர்களுடைய வெப்சைட்டில் ஆஜரின் வரலாறு என்று ஒரு பக்கம் போடுகிறார்களாம். அதை எழுதிக் கொடுக்க வேண்டியவள் நான். செப்டம்பர் முப்பதுக்குள் வேண்டும். பழைய ரெக்கார்டெல்லாம் எங்கோ மூட்டை கட்டி வைக்கப்படும். ஆஜர் என்று ஒன்று இருந்ததற்கு அந்த ஒரு பக்கம்தான் மிஞ்சும். அவர்களே ஒரு மாதிரி எழுதி அனுப்பியிருந்தார்கள். "2003-ஆம் ஆண்டு திருமதி நிர்மலா அவர்களால் அரூரில் தொடங்கப்பட்டது" என்பது முதல் வரி. அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

நம் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் எனக்கு உரக்கடை வாசனைதான் முதலில் வருகிறது. சேலம் ரோட்டில் உரக்கடைக்கு மேலே அந்த ஒரே அறை. கீழே மூட்டை இறக்கினால் மேலே நாம் தும்முவோம். கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு டீச்சர்கள், சென்டரை மூடியதும் வேறு போக்கிடம் இல்லாமல் ஆரம்பித்த கம்பெனி அது. இதை இப்போது அவர்கள் 'தொலைநோக்கு' என்று எழுதச் சொல்கிறார்கள். உன் வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்ததால் கம்பெனிப் பத்திரத்தில் உன் பெயர் வேண்டாம் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். நான் கல்யாணம் ஆனவள், என்னைக் கேட்பார் இல்லை. அதனால் என் பெயரில் பதிந்தோம். ஆஜர் என்ற பெயரை வைத்தது நீ. வேலைக்கு வந்தவர்களின் கணக்கு வைக்கிற சாஃப்ட்வேருக்கு அதைவிடப் பொருத்தமாக யாராலும் வைத்திருக்க முடியாது.

குப்புராஜ் அவர்களின் நூல் மில்லுக்கு முதல்முதலாகப் போன நாள் உனக்கு நினைவிருக்கிறதா? டவுன் பஸ்ஸில் கம்ப்யூட்டர் பெட்டி உன் மடியில், டி.வி. மாதிரி இருந்த மானிட்டர் என் மடியில். "இதுக்கு ஆள் டிக்கெட்டுங்களா, லக்கேஜ் டிக்கெட்டுங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். ஆள் டிக்கெட்டே கொடுங்கள், இது எங்களைவிட அதிகம் வேலை செய்யும் என்று நீ சொன்னாய். பஸ்ஸே சிரித்தது. மில்லில் இறங்கியபோது என் கால் இரண்டும் மரத்துப்போய் நடக்க முடியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு எந்தக் காரிலும் போய் இறங்கியதில்லை.

அங்கே சென்னையிலிருந்து ஒரு பெரிய கம்பெனியின் ஆளும் வந்திருந்தார். கோட்டு வேறு. அவர் சாஃப்ட்வேரில் எல்லாம் இருந்தது, ஷிப்ட், லீவு, ஓ.டி., கலர் கலராகப் படம். நம்முடையதில் அவையெல்லாம் பாதிதான் இருந்தன. ஆனால் நீ 'ஊர்ப் பண்டிகை' என்று ஒரு பக்கம் செய்து வைத்திருந்தாய். நம் பக்கத்தில் மாரியம்மன் பண்டிகைக்கு ஒவ்வொரு ஊரும் கூடி அதது தன் நாளைக் குறிக்கும். பூச்சாட்டிப் பண்டிகை தொடங்கிவிட்டால் அந்த ஊர்ப் பெண்களை ஒரு வாரத்துக்கு எந்த மில்லாலும் இழுத்து வர முடியாது. நீ ஒவ்வொரு ஊர்க்கவுண்டருக்கும் போன் போட்டு, "பண்டிகை எப்பங்க சாட்டறீங்க?" என்று கேட்டு ஏற்றி வைத்திருந்தாய். எந்த வாரம் எந்த ஷிப்டில் எத்தனை பேர் வரமாட்டார்கள் என்பதைத் திரையில் காட்டியதும் குப்புராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது போதுமுங்க, கலர் படமெல்லாம் நமக்கு எதுக்குங்க?" என்றார். நம் கம்பெனி பிறந்தது அந்த நாற்காலியில்தான். பத்திரம் பதிந்த நாளை நான் கணக்கில் எடுப்பதில்லை.

இதுவரைக்கும் எழுதுவது எனக்குச் சுலபம். இந்த இடத்துக்கு வந்து ஒரு வாரமாக நின்றுகொண்டிருக்கிறேன்.

மில்லில் ஆட்களின் விவரத்தை ஏற்றியது நான். ஷிப்ட் முடிந்து பெண்கள் வரிசையில் நிற்பார்கள். பெயர், அப்பா பெயர், ஊர், பிறந்த தேதி. சித்தேரி மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் வந்த நிறையப் பேருக்குப் பிறந்த தேதி தெரியாது. "பெரிய மழ பேஞ்ச வருசம்னு ஆத்தா சொல்லுமுங்க" என்பார்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சிஸ்டம் மேலே போகாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வருஷத்தை முகம் பார்த்து ஐந்து ஐந்தாக முழுமையாக்கிக் குத்துமதிப்பாகப் போட்டேன். தேதிக்கும் மாதத்துக்கும் ஜூலை பதினேழைப் போட்டேன். உன் பிறந்தநாள். நாற்பது பேருக்கு மேல் போட்டேன். உன் பிறந்தநாளன்று கேக் வெட்டும்போது, உனக்கு நூல் மில்லில் நாற்பது பேர் கூடப் பிறந்தவர்கள் என்று சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அந்த ஜூலையில் கரண்ட் கட்டும் யூ.பி.எஸ். ரிப்பேருமாக இருந்ததில் கேக்கும் இல்லை, சொல்லவும் மறந்துவிட்டேன்.

அது தெரியாமல்தான் 2009-இல் நீ அந்தப் புரோகிராமை எழுதினாய். லீவில் போய்த் திரும்பி வருபவர்களுக்கு மில்லில் புது டோக்கன் நம்பர் கொடுத்துவிடுவார்கள். ஒரே ஆள் பட்டியலில் மூன்று ஆளாக நிற்பார். பெயர், அப்பா பெயர், ஊர், பிறந்த தேதி நான்கும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் வைத்து மற்றதை நீக்கச் சொன்னாய். எந்த ஊரிலும் அது சரியாக ஓடியிருக்கும். நம் பக்கத்தில் தீர்த்தமலைச் சாமியின் பெயரைத்தானே பாதி ஆண்களுக்கு வைக்கிறார்கள். தீர்த்தகிரி மகள் செல்லி என்று ஒரே ஊரில் நான்கு பேர் இருந்தார்கள். தேதி மட்டும்தான் அவர்களைப் பிரித்துக் காட்டியிருக்கும். அந்தத் தேதியைத்தான் நான் விளையாட்டாக ஒன்றாக்கி வைத்திருந்தேனே.

இரண்டு வருஷத்தில் நானூற்றெண்பது நாள் வேலை பார்த்தவர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் நம் சிஸ்டத்திலிருந்து போனது. அதில் பதினோரு பெண்கள் இல்லை. அவர்கள் உரக்கடை மாடிப்படியில் வரிசையாக ஏறி வந்த காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை. செல்லி முன்னால் நின்று, "நேத்து வரைக்கும் வேலைக்கு வந்தேனுங்களே, எம்பேரு மட்டும் எங்கீங்கம்மா போச்சு?" என்று கேட்டாள். பின்னாலேயே குப்புராஜ் வந்தார். நீ எழுந்து நின்று, "புரோகிராம் நான் எழுதுனதுங்க, தப்பு என்னோடதுங்க" என்றாய். நான் உன் பக்கத்தில்தான் இருந்தேன். என் வாயில் கொழுக்கட்டை இருந்தது போல நின்றேன்.

ஒன்பது நாள் மில்லின் பழைய மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கையெழுத்தாக, கைநாட்டாகப் பார்த்து அந்தப் பதினோரு பேரின் நாட்களையும் நீ மீட்டுக் கொடுத்தாய். பதினோரு பேரும் நிரந்தரமானார்கள். அந்த ஒன்பது நாளில் ஜூலை பதினேழு, ஜூலை பதினேழு என்று உன் பிறந்தநாள் வரிசையாக உன் கண்ணில் பட்டிருக்கும். படாமல் இருக்க வழியில்லை. யார் போட்டது என்றும் உனக்குத் தெரிந்திருக்கும். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ கேட்டிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன், எழில். கேட்காமல் விட்டதுதான் இத்தனை வருஷமாக என்னைத் தின்கிறது.

குப்புராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு இருக்கிற வரைக்கும் நம்ம மில்லுக்கு வர வேண்டாமுங்க" என்றார். நான் சரிங்க என்றேன். அதை உன்னிடம் நான் சொல்லவில்லை. ஆனால் உன்னை மில்லுக்குக் கூட்டிப் போவதை நிறுத்தினேன், நீ புரிந்துகொண்டாய். மூன்று மாதத்தில் நியூசிலாந்து மாப்பிள்ளை என்றாய். அதுவரை எத்தனையோ வரனை வேண்டாம் என்று தள்ளியவள் நீ. கல்யாணத்துக்கு நான் வந்து, சிரித்து, போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது உனக்குத் தெரியாது. நீ போன அடுத்த மாதம் புது வெர்ஷனைப் பார்க்க குப்புராஜ் ஆபீசுக்கு வருவதாக இருந்தது. காட்டுவதற்கு நம் ஆபீஸ் ஆட்களின் பட்டியல்தான் இருந்தது. பணியாளர் எண் ஒன்று, எழிலரசி. அவர் கண்ணில் பட வேண்டாமே, போனதும் திரும்பப் போட்டுவிடலாம் என்று பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பெயரை நீக்கினேன். சிஸ்டம் கேட்கும் அல்லவா, நிச்சயமாக நீக்கலாமா என்று? நீ எழுதிய கேள்விதான் அது. ஆம் என்று அழுத்தினேன். பிறகு திரும்பப் போடவேயில்லை. இன்றைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று பதினாறு வருஷம் போய்விட்டது.

நம் ஆபீசில் ஆட்களின் எண் இரண்டிலிருந்துதான் தொடங்கும். அது நான். ஒன்றாம் எண் பிள்ளையாருக்கு ஒதுக்கியது என்று ஆபீசில் ஒரு கதை உண்டு. யார் கிளப்பினார்களோ, நானும் மறுக்கவில்லை. போன மாதம் ரெக்கார்டைச் சரிபார்க்கிற காவியா என்ற பெண் வந்து, "பெங்களூர்ல கேக்கறாங்க மேடம், ஒண்ணு யாருங்க?" என்றாள். சின்னப் பெண், நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். அன்றைக்கே வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கே அன்றுதான் தெரியும்.

செல்லியைச் சென்ற வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இன்னும் மில்லில்தான், ரிட்டையர் ஆக இரண்டு வருஷம் இருக்கிறதாம். என்னைப் பார்த்ததும், "கண்ணாடி போட்ட அம்மா நல்லா இருக்காங்களா? எம்பேரைத் தேடிக் குடுத்தாங்களே, அவங்க" என்று கேட்டாள். பெயரைத் தொலைத்தவள் என்று அவள் உன்னை நினைக்கவில்லை. உனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் கடிதம் எழுத நினைத்தேன். சொல்லத் தொடங்கியதும் மற்றதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது வரலாற்றுப் பக்கத்தை நான் எழுதி முடித்துவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். தொடங்கியவர்கள் இருவர் என்று எழுதியிருக்கிறேன். ஊர்ப் பண்டிகைப் பக்கத்தைச் செய்தது யார் என்று எழுதியிருக்கிறேன். பதினோரு பெண்கள் விடுபட்டது நான் போட்ட தேதியால் என்றும், மீட்டது நீ என்றும் எழுதியிருக்கிறேன். வரலாற்றில் தப்புகளை எழுதுவது வழக்கமில்லை என்று பெங்களூரிலிருந்து சொன்னார்கள். அப்படியானால் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ளுங்கள், அதில் என் பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ படித்துப் பார். உன் பெயர் இதில் வர உனக்கு விருப்பமில்லை என்றால் எடுத்துவிடுகிறேன், அது உன் உரிமை. உன்னைக் கேட்காமல் இரண்டாம் தடவையும் எதையும் செய்ய மாட்டேன்.

காவியாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒன்றாம் எண்ணில் உன் பெயரைத் திரும்ப ஏற்றினேன். சேர்ந்த நாள், பதவி, எல்லாம் போட்டாயிற்று. கடைசியில் வேலையை விட்ட நாள் என்று ஒரு கட்டம். அதில் என்ன போட என்று காவியா கேட்டாள். நீயாக விட்டுப் போன நாள் என்று ஒன்று இல்லையே, எழில். அதைக் காலியாகவே வைத்திருக்கிறேன். ஏதாவது தேதி போட வேண்டும் என்று நீ நினைத்தால் எழுதி அனுப்பு, போட்டுவிடுகிறேன். ஒன்றும் எழுதாமல் விட்டால், அது அப்படியே இருக்கட்டும்.

உன் வீட்டில் எல்லோரும் நூறாண்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன்,
நிர்மலா
(பணியாளர் எண் இரண்டு)