வரி எங்கேருந்து வரும், டீச்சர்?

1976 ஜனவரி 19, திங்கள்

பனிமூட்டம். பள்ளிக்கு நடக்கையில் எதிரே வந்த பஸ்கூடத் தெரியவில்லை. மண்ணெண்ணெய் தீர்ந்தது, வீட்டுக்காரர் அருளிடம் சொல்ல வேண்டும்.

பத்தாம் வகுப்பில் குடிமையியல். வரி மசோதா மக்களவையில்தான் தொடங்க வேண்டும். மாநிலங்களவை திருத்தம் சொல்லலாம், தடுக்க முடியாது. மக்கள் நேரே தேர்ந்தெடுத்தவர்கள் சம்மதிக்காமல் மக்கள்மேல் வரி கூடாது, அதனால்.

ஹமீதா எழுந்தாள். பட்டினத்துப் பெண், துறுதுறு.

"நம்ம யூனியன் பிரதேசத்துச் சட்டசபையத்தான் கலைச்சுட்டாங்களே. அப்ப நமக்கு வரி எங்கேருந்து வரும், டீச்சர்?"

"டில்லியிலேருந்து."

"அங்க நமக்கு ஒரே ஒரு எம்.பி.தானே?"

"ஆமாம். கேக்க ஆளில்லாத ஊருக்கு வரி மட்டும் தவறாம வரும்."

வகுப்பே சிரித்தது. நானும்.

ஜனவரி 20, செவ்வாய்

தலைமையாசிரியை சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார். முகம் வெளிறியிருந்தது.

"நெருக்கடி நிலைன்னு தெரியாதா உனக்கு? வகுப்புல என்ன பேசின? போலீஸ்காரர் வந்து உன் பேரக் கேட்டாரு. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரணுமாம்."

யார் போய்ச் சொன்னது? மதியம் வகுப்பில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாம் குழந்தை முகம்.

அருள் கத்தவில்லை. "எனக்கும் கவர்மெண்ட் வேலை. நெனச்சுப் பாத்தியா?" என்றார், அவ்வளவுதான். குழம்பில் உப்பில்லை. தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

வரிச்சிக்குடி வாத்தியார் ஒருவரைப் போலீஸ் கூட்டிப்போய் மாதக்கணக்காகிறது. இன்னும் தகவல் இல்லை.

ஜனவரி 21, புதன்

ஸ்டேஷன். அருள் சைக்கிளோடு வெளியே. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"உக்காருங்க டீச்சர். கேள்வி கேட்ட பொண்ணு யாரு? அவ அப்பா என்ன பண்றாரு?"

"கேள்வியும் நான் கேட்டதுதாங்க. பாடம் நடத்துறப்ப அப்படிக் கேட்பேன்."

"அப்படியா?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"புத்தகத்துல இருக்குறத மட்டும் நடத்துவேன்னு எழுதிக் குடுங்க. இன்னொரு தடவ வரவழைக்க வச்சிடாதீங்க."

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து என்னுடையதாகவே இல்லை.

ஹமீதா பெயரைச் சொல்லவில்லை. அந்த மட்டும் தேவலை.

ஜனவரி 22, வியாழன்

நல்ல வெயில். மண்ணெண்ணெய் கிடைத்தது.

மாநிலங்களவைப் பாடம். ஹமீதாவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. பாதியில் கை தூக்கினாள். பார்க்காததுபோல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். புத்தகத்தில் உள்ளதை வரிக்கு வரி எழுதினேன். "டீச்சர்" என்றாள். எழுதினேன். மறுபடி, "டீச்சர்." பெல் அடிக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தேன்.