காசு வைத்துக் கட்டிய தொப்புள்

1943 ஜூன் 14
கொடி விழுந்த பிறகும் பிள்ளைக்குத் தொப்புள் காயவில்லை. கீழே சொட்டுச் சொட்டாகத்தான் போகிறான். மீதியெல்லாம் தொப்புள் வழியாகக் கசிகிறது. மூத்திர வாடைதான், சந்தேகமே இல்லை. ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ராமையாவிடம் கேட்டு வரச் சொல்லி வீட்டுக்காரரை அனுப்பினேன்.

ஜூன் 15
டிரஸ்ஸர் காசு வைத்துக் கட்டச் சொன்னாராம். நாத்தனார் மருதம்மாள் பழைய வெள்ளிக்காசை அழுத்தித் துணியால் இறுக்கினாள். "இனிமே ஒழுகாது புள்ள. பாத்தா லயத்து வீடுங்கள்ல சிரிப்பாங்க." பிள்ளை உதைத்தான். கால்களைப் பிடித்துக்கொண்டது நான்.

ஜூன் 17
பால் குடிக்கவில்லை. வயிறு கல்லாக இருக்கிறது.

ஜூன் 18
நானே தூக்கிக்கொண்டு ஓடினேன். கட்டைப் பார்த்ததும் டிரஸ்ஸர் கத்தரியை எடுத்தார். அவிழ்த்ததும் பீறிட்டு அவர் கையெல்லாம் நனைந்தது.

"கட்டவே கூடாதுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே தங்கச்சி! உடனே சுங்கை பட்டாணி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன்னும் சொன்னேனே!"

பிறவியிலேயே கீழ்வழியைச் சவ்வு அடைத்திருக்கிறதாம். ஆண் பிள்ளைகளுக்கு அபூர்வமாக வருமாம். தொப்புள்தான் இவனுக்கு வடிகாலாம்.

வீட்டுக்காரரைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். டவுனுக்குப் போக ஜப்பான்காரன் ஆபீசில் சூராட் என்கிற அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். "அங்க போற ஆம்பளைய சயாம்ல ரயில் பாதை போடப் புடிச்சிடுறானுங்க. ஒழுகுறது நின்னா சரியாயிடும்னு நெனச்சேன்."

பயம் எனக்கும்தானே இருக்கிறது? சொல்லியிருந்தால் நானே போயிருப்பேனேடா பாவி! பொய் — அதுவும் டிரஸ்ஸர் பெயரில் — என்னையே காலைப் பிடிக்கவைத்து —

ஜூன் 19
ஜப்பான்காரன் ஆபீசில் பிள்ளையின் வயிற்றுத் துணியை விலக்கி மேசைமேல் கிடத்தினேன். அங்கிருந்தவன் சூராட்டில் முத்திரை குத்தினான்.

ஜூன் 24, சுங்கை பட்டாணி
முதலில் மெல்லிய ரப்பர் குழாயைக் கீழ்வழியில் விட்டு வடித்தார்கள். காய்ச்சல் இறங்கியதும் இன்று கம்பி செலுத்திச் சவ்வைக் கிழித்தார்கள். "வழி திறந்தா தொப்புள் தானா மூடிக்கும். யாரும் கட்ட வேணாம்மா" என்றார் டாக்டர். வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 9
தொப்புள் காய்ந்துவிட்டது. லயத்து வாசலில் வீட்டுக்காரர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "நாந்தான் டவுனு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சேன் லா" என்று பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமியிடம் அளந்துகொண்டிருந்தார். பேச்சு முடிவதற்குள் பிள்ளை நல்ல வேகமாக, கீழ்வழியிலேயே, அவர் சட்டை முழுக்க நனைத்தான். எல்லோரும் சிரித்தார்கள். துடைக்கத் துணி கேட்டார்.

பிள்ளையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.