செல்வி திருத்தாத வரிகள்

அடி என் தங்கமே செல்வி,

நீ போன பிறகு இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. இந்த வருஷம் திருச்சுழிப் பக்கம் பரவாயில்லாமல் பெய்தது. நான் பாளையம்பட்டி குடோனுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். வீட்டில் இரண்டு வேளையும் உலை கொதிக்கிறது.

அப்பா இறந்ததும் என்னைக் கருவேலங்காட்டுக்கு விறகு வெட்டவும், அதை மண்ணால் மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போடவும் அனுப்பினார்கள். மத்தியானச் சோறாவது கிடைக்கட்டும் என்று உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். உனக்கு எழுத்து வந்தது. எனக்கு இருமல் வந்தது. என் வீட்டுக்காரரும் போன பிறகு, பிள்ளைகளோடு ஒருவேளைக் கஞ்சியில் கிடந்தேன். அப்போதுதான் நீ என்னை வாசிக்கப் பழகச் சொன்னாய்.

"வயித்துக்கே வழியில்ல, எழுத்த வச்சு என்னடி செய்ய?"

"குடோன்ல ஆள் எடுக்குறாகளாம்க்கா. மூட்டையில ஊர்ப்பேரு வாசிக்கத் தெரியணுமாம். மூட்டத்துப் புகையிலயே கிடந்து சாகப்போறியா?"

சாயங்காலம் சாயங்காலம் வந்தாய். கரித்துண்டால் சுவரில் எழுதிக் காட்டினாய். மூன்று 'ன'வும் குழம்பி, எத்தனையோ தடவை எழுந்து போயிருக்கிறேன். ஒருநாள் பந்தல்குடியில் நிற்கும்போது, வந்த பஸ்ஸின் போர்டை யாரையும் கேட்காமல் நானே வாசித்து ஏறினேன். "அருப்புக்கோட்டைதானே?" என்று கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

குடோன் மேஸ்திரி ஒரு மூட்டையைக் காட்டி, "இந்த லோடு எந்த ஊருக்கும்மா?" என்றார். எழுத்துக்கூட்டி, "சா... சாத்தூர்" என்றேன்.

"பைய வாசிச்சாலும் சரித்தான். மாத்தி மட்டும் ஏத்திறாதீக. நாளைக்கு வந்துருங்க."

வாசலில் நின்ற நீ என் முகத்தைப் பார்த்தே சிரித்தாய்.

அந்த வேலை கிடைத்து, வீடு கொஞ்சம் நிமிர்ந்த நேரத்தில்தான் நீ காய்ச்சலில் படுத்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு பேப்பர் வாசிக்கச் சொன்னாய். நான் தப்பாக வாசித்தபோதெல்லாம் கண்ணை மூடியபடியே திருத்தினாய். பிறகு திருத்தவில்லை. நான் பக்கம் முடியும்வரை வாசித்துக்கொண்டே இருந்தேன். எது வரைக்கும் கேட்டாய் செல்வி?

போன வாரம் மூட்டத்தில் என்னோடு வேலை பார்த்த ராசாத்தி வீட்டுக்கு வந்தாள். "எனக்கும் சொல்லிக்குடுக்கா, அந்த வெக்கையில இனி முடியல" என்றாள். வேலை முடிந்து வந்த அலுப்பில் முதலில் சலித்துக்கொண்டேன். அப்புறம் உட்காரச் சொன்னேன். முதல் நாளே அவள் பெயரை எழுதிவிட்டாள். துணைக்கால் மட்டும் போட மறந்துவிட்டாள்.

குடோனில் அவளுக்கு ஒரு இடம் கேட்டு வைத்திருக்கிறேன். அவள் தானாக வாசித்து அந்த வேலைக்கு வரும்வரை சொல்லிக்கொடுப்பதை நான் விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மாரியம்மா அக்கா