புள்ளிக்குப் பின்னால் இருந்த காற்று

நாள் 1, 18:00
நிலவுக் கீரைக்கூடம். எழுதுவது பேச்சியம்மாள், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்.
மூத்த பேத்தி செல்வராணி எலும்பு டாக்டர். அடுத்தவள் பூரணம் கடலுக்குள் பாலம் கட்டுகிறாள். கடைக்குட்டி இசக்கிராஜா சரக்குக் கப்பலில் மாலுமி. இந்தக் கூடத்துத் திரைக்கு நிரல் எழுதியவனும் அவன்தான்.
கீரைக்கு நீர் விட்டாயிற்று. மதியம் கல் விழுந்து பெரிய காற்றுத்தொட்டி உடைந்தது. ரேடியோவில் வருவது கேட்கிறது, நான் பேசுவது போகவில்லை. திரையின் எண் மட்டும் தானாகக் கப்பலுக்குப் போகும். மாற்றுத்தொட்டியை இப்போதுதான் திறந்தேன். "காற்று: 5 நாள்."
இசக்கி: "பயப்படாத ஆச்சி. ஆறாம் நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்துருதோம்."
நாலு மணி நேரம் மிச்சமிருக்கும். போதும்.

நாள் 2, 06:00
"காற்று: 4 நாள்." அரை நாள்தானே ஆகிறது? ஒழுகலைத் தேடி முட்டி வலித்ததுதான் மிச்சம்.
பிறகு நினைவு வந்தது. திரை வைத்த அன்று அவன் அனுப்பிய செய்தி: "ஒனக்குப் புள்ளியெல்லாம் எதுக்கு ஆச்சி? முழு எண்ணாவே காட்டுதேன்."
அரைக்கு மேலே என்றால் அடுத்த எண், சரியாக அரையோ அதற்குக் கீழோ என்றால் முந்தின எண். தசமம் நான் படித்ததுதான். ஆசையாகச் செய்தான், வேண்டாம் என்று அன்று நான் சொல்லவில்லை.

நாள் 4, 06:00
"2 நாள்." உண்மையில் இரண்டரை. அசதி. கீரைக்கு விளக்கை அணைத்துவிட்டேன்.

நாள் 6, 06:00
"0 நாள்." இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது.

06:40
கேப்டன்: "கூடத்துல காத்து பூஜ்ஜியம். கப்பலத் திருப்பு."
இசக்கி: "சார், ஒரு தடவ பாத்துருவோம் சார்."
கேப்டன்: "நிரல் எழுதுனதே நீதானேய்யா. பூஜ்ஜியம்னா என்ன?"
புள்ளியை எடுத்ததை அவனே மறந்துவிட்டான்.

07:00
கப்பலுக்கு நடந்து போக வைத்திருந்த உடுப்பின் காற்று, இரண்டு மணி நேரத்துக்கானது. தொட்டிக்குள் ஏற்றினேன். "1 நாள்."
பார் இசக்கி. பார்.

07:15
கேப்டன்: "ஒண்ணுங்குது. காலியான தொட்டி தானா நெறயுமா? கருவி போச்சு. அணச்சிரு."
இசக்கி அழுவது கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

14:00
கப்பல் வரவில்லை. திரையில் 0. என் கணக்கில் 0.25.

19:55
இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: அவன் மேல் குற்றம் சொல்லாதீர்கள். புள்ளியை மட்டும் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். சுவரில் இருப்பது அவன் பள்ளிக்கூடத்துப் படம். மாலுமி உடுப்பில் புதிதாக ஒன்று எடுத்து அனுப்பச்