என் அக்கா விருந்தாளி அல்ல

அனுப்புநர்:
ரொட்டிக்காரி (பதிவேட்டில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது),
கரும்பாறையை ஒட்டிய கடைசி வீடு,
துறைமுகச் சரிவு.

பெறுநர்:
நிர்வாக அலுவலர் அவர்கள்,
தீவு நிர்வாக அலுவலகம்,
துறைமுகம்.

பொருள்: தீவு மக்கள் ஊர் திரும்பிய அறுபதாம் ஆண்டு விழாவுக்குக் கப்பலில் வந்த என் உடன்பிறந்த அக்காவை "வருகையாளர்" எனப் பதிவு செய்ததையும், சனிக்கிழமைக் கப்பலில் அவர் ஏறியாக வேண்டும் என உத்தரவிட்டதையும் எதிர்த்துப் புகார் செய்தல், அவர் தீவிலேயே தங்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கதவில் நேற்று ஒட்டப்பட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் இங்கே பணிக்கு வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன என்பதால் முன்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுருக்கிச் சொல்வது எனக்குக் கைவராத காரியம், பொறுத்துக்கொள்ள வேண்டும். அறுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் மலை வெடித்து நெருப்புக் குழம்பு ஊருக்குள் இறங்கியது. உயிர் பிழைத்தால் போதும் என்று தீவே காலியானது. எனக்கு அப்போது ஏழு வயது, அக்காவுக்குப் பதினாறு. கடலுக்கு அப்பால் பழைய படைவீரர் குடியிருப்பு ஒன்றில் எங்களைத் தங்க வைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, மலை அடங்கிவிட்டது, விருப்பமுள்ளவர்கள் திரும்பலாம் என்று சொன்னார்கள். பெரும்பாலோர் திரும்பினோம். அந்த நாளைத்தான் இந்த வாரம் கொண்டாடினோம்.

2. அக்கா அப்போது திரும்பவில்லை. அங்கே ஒரு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். இஸ்திரி போடுகிறவர் மேல் மனதையும் வைத்துவிட்டிருந்தார். கப்பல் ஏறும் முன் அப்பா அவரிடம் கெஞ்சியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "வீடு அப்படியே இருக்கும்மா, நெருப்பு சமையல்கட்டுச் சுவர் வரைக்கும் வந்து நின்னுடுச்சாம், பார்த்துட்டு வந்தவங்க சொல்றாங்க" என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போனா போ" என்று சொல்லிவிட்டு அப்பா கப்பலில் ஏறினார். அதன்பிறகு அப்பா வீட்டில் அக்காவின் பேச்சை எடுக்கக்கூட விடவில்லை. கப்பலோ வருடத்துக்கு இருமுறை. அக்காவுக்கு அங்கே கல்யாணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று காலம் ஓடிவிட்டது. இன்று அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, சென்ற ஆண்டு முதல் அந்த இஸ்திரிக்காரரும் இல்லை.

3. விழாக் கப்பல் வந்த காலையைத் தாங்களும் பார்த்தீர்கள். எப்போதும் தலையில் மேகத்தைச் சுமந்துகொண்டு நிற்கும் மலை அன்று உச்சி வரை துலக்கமாகத் தெரிந்தது. எங்கள் துறைமுகத்தில் மாவு மூட்டையும் டீசல் பீப்பாயும் வெங்காயமும்தான் இறங்கும். அன்று மனிதர்கள் இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அத்தனை புது முகங்களை ஒரே இடத்தில் நாங்கள் கண்டதில்லை. கை கால் ஓடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், சரக்கு இறங்கும்போது நிற்பது போலவே படிகளில் வரிசையாக நின்று பெட்டிகளைக் கைமாற்றத் தொடங்கினோம். அந்த வேகத்தில் ஒரு பெரியவரையும் தூக்கிக் கைமாற்றிவிட்டார்கள். அவர் கால் தரையில் படாமலே மேல்படிக்கு வந்து சேர்ந்து, எல்லோருக்கும் நன்றி சொன்னார். தங்கள் அலுவலர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தீவினருக்குப் பச்சை நாடாவும் வருகையாளருக்கு மஞ்சள் நாடாவும் சட்டைக் கையில் குத்தினார்கள். அப்போது யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

4. இனிச் சொல்லப் போவதுதான் இந்த மனுவுக்கு ஆதாரம். துறைமுகத்திலிருந்து ஊருக்குப் போகும் பாதை மீன் கிடங்கின் சுவரோரம் திரும்புகிறது. அந்த முனையில் காற்று முகத்தில் அறைந்தால் மூச்சே நின்றுவிடும். அதனால் நாங்கள் முனை வருவதற்குச் சற்று முன்பே திரும்பிக்கொண்டு, சுவரில் ஒரு கையை வைத்தபடி பின்னோக்கி நடந்து அதைக் கடப்போம். யாரும் யாருக்கும் இதைக் கற்றுக்கொடுத்ததில்லை. இப்படி ஒன்றைச் செய்கிறோம் என்ற நினைப்பே எங்களுக்குக் கிடையாது. தங்களின் இரண்டு தொப்பிகளும் போனது அந்த முனையில்தான் என்பதால் இடம் நினைவிருக்கும்.

ஐயா, அன்றைக்குக் காற்றே இல்லை. ஒரு துரும்பும் அசையவில்லை. கப்பலில் வந்தவர்கள் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். அவர்களில் வயதானவர்கள் சிலர் மீன் கிடங்கை நெருங்கினார்கள். யாரோ உத்தரவு போட்டது போல ஒரே நேரத்தில் திரும்பினார்கள். சுவரில் கை வைத்தார்கள். பின்னோக்கி நடந்தார்கள். மஞ்சள் நாடா குத்தியிருந்த கைகள் அவை. அறுபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பக்கமே வராத கால்கள் அவை. திரும்பியதால் அவர்கள் முகம் எங்களைப் பார்த்து இருந்தது. எங்கள் முகம் அவர்களைப் பார்த்து இருந்தது. கடல் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

என் நேர் முன்னால் ஓர் அம்மாள் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். என் அம்மா கடைசிக் காலத்தில் எப்படி இருந்தாரோ அதே நெற்றி, அதே கன்னம். நடக்கவும் மறந்து நின்றேன். அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னடி பார்த்துட்டு நிக்கற? சுவத்தைப் பிடிச்சிட்டு வா, விழுந்து தொலைக்காத." அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு என் அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது.

கூட வந்த பேரப்பிள்ளைகள் இதை ஏதோ சடங்கு என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டே தாங்களும் பின்னோக்கி நடந்தார்கள். மறுநாள் நிகழ்ச்சி நிரலில் "பாரம்பரியப் பின்நடை, காலை பத்து மணி" என்று தங்கள் அலுவலகம் சேர்த்தது. அதைத் தவிர்த்திருக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

5. அன்று மாலை வந்தவர்கள் எல்லோரும் என் வீட்டைப் பார்க்க வந்தார்கள். நெருப்புக் குழம்பு உறைந்து நிற்கும் கரும்பாறைக்கும் என் சமையல்கட்டுச் சுவருக்கும் இடையில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான் இடைவெளி. பாறை கூரையைவிட இரு மடங்கு உயரம். அந்தச் சந்தில் நான் துணி காயப்போடுவேன், வேறு நினைப்பு இல்லாமல் போய்வருவேன். வாசல் வரை சலசலவென்று பேசிக்கொண்டு வந்தவர்கள் சந்துக்குள் நுழைந்ததும் அடங்கிப் போனார்கள். ஓர் இளைஞர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர்கள் பார்ப்பதைப் பார்த்தபோதுதான் நானும் அதை முதன்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கப்பலில் வந்த மலை ஆராய்ச்சியாளர், சரிவு குறைந்ததால் குழம்பு இங்கே நின்றது என்றார். இருக்கட்டும். ஒரு தெருவையே விழுங்கியது என் அம்மாவின் அடுப்பங்கரையைத் தொடாமல் நின்றதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. காரணம் தெரிந்தும் சிலிர்க்கத்தான் செய்கிறது.

அக்கா கடைசியாக வந்தார். ஒரு கையைப் பாறையிலும் ஒரு கையைச் சுவரிலும் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "அப்பா என்னை இழுத்துட்டுப் போறதுக்குக் கதை விடறார்னு நெனச்சேன்டி" என்றார். நாங்கள் திரும்பி வந்து வேறு வீடு கட்டிக்கொண்டோம் என்றே இத்தனை காலமும் எண்ணியிருக்கிறார். இதே வீட்டில்தான் இருக்கிறோம் என்று அவருக்குச் சொல்லி அனுப்ப எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்து பார்த்து, "துணிக்கொடியை யாராவது இவ்வளவு தாழ்வாக் கட்டுவாங்களா?" என்று கேட்டார்.

6. அன்று தொடங்கிய சண்டை நேற்று வரை ஓயவில்லை. விருந்தாளி என்பவர் எப்படி இருப்பார் என்று அதே கப்பலில் வந்து பள்ளி ஆசிரியர் வீட்டில் தங்கியிருப்பவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். குளிர்ந்த நீரைக் கொடுத்தால்கூடப் பாராட்டுகிறார்கள். அக்கா என் ரொட்டியைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து, "இது ரொட்டியா, செங்கல்லா? அம்மா இன்னும் கொஞ்சம் தண்ணி விடுவாங்க" என்றார். அம்மாவைக் கடைசி வரை வைத்துப் பார்த்தவள் நான் என்று நானும் சொன்னேன். கதவுகள் சாத்தப்பட்டன. மறுநாள் விடியும் முன்பே எழுந்து, தண்ணீர் கூடுதலாக விட்டு அவரே மாவு பிசைந்து வைத்திருந்தார். ரொட்டி நன்றாக இருந்தது என்பதைத் தங்களிடம் மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு விருந்தாளியோடு யாரும் இப்படிச் சண்டை போட முடியாது, ஐயா. உரிமை இருக்கிற இடத்தில்தான் இவ்வளவு வாய் நீளும்.

7. அறிவிப்பில் தாங்கள் கூறியுள்ள காரணங்களுக்கு என் பதில்:

(அ) "ஊர் திரும்பியோர் பட்டியலில் பெயர் இல்லை." உண்மை. ஆனால் அவரும் திரும்பியவர்தான். கொஞ்சம் தாமதமாகத் திரும்பியிருக்கிறார். திரும்பி வரக் கடைசித் தேதி இது என்று அன்று எந்த அரசாங்கமும் அறிவிக்கவில்லை.

(ஆ) "எழுபது வயதைக் கடந்தவர், தீவில் மருத்துவமனை இல்லை." வயதைச் சொல்லிக் கப்பலில் ஏற்றுவதென்றால் தீவில் பாதிப் பேரை ஏற்ற வேண்டும், என்னையும் அடுத்த வருடம் ஏற்ற வேண்டும். நர்ஸம்மா எங்கள் இருவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார். அக்காவுடையது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அதைச் சொல்லிக் காட்டியே என்னுடையதை ஏற்றுகிறார்.

(இ) "குடியிருப்பு வசதி இல்லை." சிறு வயதில் படுத்த அதே அறையில், அதே சுவரோரம் படுக்கிறார். போர்வையை இப்போதும் முழுக்கத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். புதிதாக எதுவும் கட்டித் தர வேண்டியதில்லை.

8. இவ்வளவு பேசுகிற அக்கா, நேற்று அறிவிப்பைப் படித்துவிட்டு வந்ததும் சண்டைக்குக்கூட நிற்கவில்லை. பெட்டியை எடுத்து வைத்துத் துணிகளை மடித்து அடுக்கினார். சலவைக் கூடத்திலேயே காலம் கழித்தவர். ஒரு சுருக்கம் இல்லாமல் அடுக்கினார். நான் சத்தம் போட்டேன். "அதிகாரி சொன்னா சரிதான்" என்றார். பிறந்ததிலிருந்து யார் சொன்னதையும் சரி என்று ஏற்றுக்கொண்டவர் அல்ல என் அக்கா. அப்பாவே கெஞ்சியும் கேட்காதவர். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டதும் எனக்குப் பயமாகிவிட்டது. மலை வெடித்தபோதுகூட எனக்கு இவ்வளவு பயமில்லை. அப்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

9. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அடுத்த கப்பல் ஆறு மாதம் கழித்துத்தான். அவருக்கு வயது எழுபத்தெட்டு, எனக்கு அறுபத்தொன்பது. சனிக்கிழமை அவர் கப்பலில் ஏறிவிட்டால் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் இனிப் பார்க்கப் போவதில்லை. இன்னும் போட வேண்டிய சண்டையே பாக்கி நிறைய இருக்கிறது. ஆகவே, என் அக்காவின் பெயரை வருகையாளர் பதிவிலிருந்து நீக்கி, தீவில் குடியிருப்பவராகச் சேர்த்து, அந்த உத்தரவைக் கப்பல்காரரிடம் சனிக்கிழமை காலைக்குள் தெரிவிக்குமாறு தங்களை மிகப் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தால் நேரில் வந்து விசாரிக்கலாம். சூடான ரொட்டி இருக்கும். யார் செய்தது என்று மட்டும் கேட்க வேண்டாம்.

10. இந்த மனுவை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இடையில் இரண்டு முறை "பொய்" என்றார். எந்த இடத்தில் என்று கேட்டால் சொல்லவில்லை. முடிந்ததும் கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டார். கீழே உள்ள இரண்டாவது ஒப்பமும் அதன் கீழ் உள்ள வரியும் அவர் தம் கையாலேயே எழுதியவை. நான் சொல்லிக்கொடுத்து எழுதியவை அல்ல.

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ரொட்டிக்காரி

இடம்: துறைமுகச் சரிவு
நாள்: விழா முடிந்த இரண்டாம் நாள், வியாழக்கிழமை

(ஒப்பம்)
ரொட்டிக்காரியின் அக்கா
நிரந்தர முகவரி: மேற்படி