பள்ளிவாசல்துறை வெயில்

என் அன்பானவருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

லண்டனில் பிறந்த எனக்கு உங்கள் ஊர் வெயில் இவ்வளவு பிடித்துப்போகும் என்று நினைக்கவில்லை. இங்கே வாசல்கதவு நாளெல்லாம் திறந்தே கிடக்கிறது. துவைத்த உடுப்பு மதியத்துக்குள் காய்ந்து, வெயில் மணக்கிறது.

"மதினி, ஆணம் ஆறுது, சுறுக்கா வாங்க!" என்று உங்கள் தங்கை நிஸ்மியா வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிடுவாள்.

நேற்று குழம்பிலிருந்து மீன்துண்டை எடுத்து என் பீங்கானில் வைத்தபடி, "நானா எப்ப வாற?" என்று உங்களைப்பற்றிக் கேட்டாள். "வேலை" என்றேன். "வேலைய வெயில்ல காயப்போட்டுட்டு வரச்சொல்லுங்க!" என்றாள். சத்தமாகச் சிரித்துவிட்டேன். நம் பிள்ளை மவுத்தாகி நம்மை விட்டுப்போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல்தடவை.

லண்டனுக்குத் திரும்பிவரும் டிக்கெட்டை ரத்துச் செய்துவிட்டேன். உங்கள்மேல் கோபமில்லை. நீங்களும் வாருங்கள். குளிர்க்கோட்டு வேண்டாம்.

உங்கள் மனைவி