சிவப்புக் கோட்டுக்கு மேல் இரண்டடி

ஏப்ரல் 4

மகள் வீட்டுக்கு நகராட்சி கொடுத்த அனுமதித் தாளை இன்று முழுதாகப் படித்தேன். நானே. காலையில் உட்கார்ந்தவன் எழுந்தபோது மதியச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. எழுபத்தொரு வயதில் எழுத்துக் கூட்டுபவனுக்கு இது சின்ன வேலையா?

ஐந்தாவது நிபந்தனை: வீட்டுத் தரை, வெள்ளக் கோட்டுக்கு மேல் இரண்டடி இருக்க வேண்டும். மூன்று முறை படித்தேன். ரோடு என்ற சொல்லே அதில் இல்லை.

நாற்பது வருடமாக இந்தக் கடலோரத்தில் கொத்தனார் நான். ரோட்டிலிருந்து மூன்றடி ஏற்றினால் போதும் என்றுதான் எல்லா வீட்டையும் கட்டினேன். மகள் வீட்டுப் பேஸ்மட்டமும் அப்படித்தான் முடிந்து நிற்கிறது. யார் சொன்ன கணக்கு அது? யாரோ.

ஏப்ரல் 5

வெள்ளம் ஏறக்கூடிய உயரத்துக்கு நகராட்சி போட்ட வெள்ளக் கோடு பம்ப் ஹவுஸ் சுவரில் சிவப்பாக இருக்கிறது. ஏதோ கட்சிக்காரன் வேலை என்று நினைத்திருந்தேன். தண்ணீர் நிரப்பிய டியூபை மருமகன் ஒரு முனையில் பிடிக்க, கோட்டின் மட்டத்தைச் சுவர் சுவராக வீடுவரை கொண்டுவந்தேன். நம் தெரு கடலைப் பார்த்துச் சரிகிறது. கோடு எங்கள் தரைக்கு அரையடி மேலே போகிறது — மேலே. இன்னும் இரண்டரை அடி ஏற்ற வேண்டும்.

"யாரு மாமா வந்து அளக்கப் போறா?" என்றார் மருமகன்.

"தண்ணி வந்து அளக்கும் மாப்பிள்ளை."

ஏப்ரல் 6

மகளுக்குக் கோபம். மழைக்கு முன்னால் குடிவர நினைத்தவள். "நாலெழுத்து படிச்சதும் என் வீட்டுலதான் காட்டணுமாப்பா?"

ஏப்ரல் 7

மகள் சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 8

"படிங்க, கேக்கறேன்" என்றாள். விரல் வைத்துப் படித்தேன். பட்டம் வாங்கியவள். தாள் ஒரு மாதமாக அவள் பீரோவில்தான் கிடந்தது. முத்திரையை மட்டும் பார்த்து மடித்து வைத்திருக்கிறாள். முடித்ததும் சிரித்துவிட்டாள். "சரி, ஏத்துங்க."

பத்து வரிசைச் செங்கல். முதல் வரிசை என் கையால்.

நவம்பர் 19

நான்கு நாள் மழை. கடல் தெருவுக்குள் வந்துவிட்டது. எங்கள் ஒன்பது படியில் ஆறாவது படியோடு தண்ணீர் நின்றது. எதிர் வீடுகளுக்குள் கணுக்கால் மூழ்குகிறது. நான்கு குடும்பம் இங்கே. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதையும் எழுதத்தானே வேண்டும்?

எதிர்வீட்டு அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்: "எங்க வீட்டையும் நீங்கதானே கட்டுனீங்க மேஸ்திரி? இப்படி ஒசத்தியிருக்கலாமே."

"அப்ப எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றேன்.

துவட்டிய துண்டைத் தோளில் போட்டார். பிறகு பையிலிருந்து தன் வீட்டு அனுமதித் தாளை எடுத்து என் மடியில் வைத்தார்.